டென்மார்க்காரியும் சிவகிரியாவும்

என் அம்மாவின் பெயர் கோமதி. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அவளை அப்படி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சங்கரன்கோவிலில் கோமதி என்ற பெயருக்குப் பஞ்சம் கிடையாது. அம்மனுடைய பெயரே அதுதான் என்பதால் தெருவுக்கு நாலு கோமதி இருப்பார்கள்; ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டிலும் ஏற்கெனவே ஒரு கோமதி இருந்தாள். அப்பாவின் அக்கா, என் அத்தை. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்து, மாமா மும்பையில் கடை வைத்திருந்ததால், எங்கள் வீட்டின் முன்பக்கத்திலேயே குடியிருந்தாள். ஊரைவிட்டுப் போகாதவளுக்குப் பெயரும் அப்படியே இருந்தது. சிவகிரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாவிடம், ஒரே வீட்டில் ரெண்டு கோமதி குழப்பம் என்று சொல்லி, வந்த அன்றைக்கே பெயரைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அதிலிருந்து, பிறந்த ஊரை வைத்து, அவள் சிவகிரியா.

"சிவகிரியா, தண்ணி வந்துட்டு பாரு." "சிவகிரியா, அடுப்புல என்ன தீயுது?" தெருவில் பால் ஊற்றுகிறவர், பூக்கட்டுகிற அக்கா, வழக்கமாக வருகிற தபால்காரர் எல்லாருக்கும் அவள் சிவகிரியாதான். அப்பா அதையும் சொல்லமாட்டார். அவருக்கு 'இந்தா' போதும். பள்ளிக்கூட டைரியில் தாயார் பெயர் என்ற இடத்தில் கோமதி என்று எழுத எனக்குத் தெரியும். ஆனால் வாசலில் யாராவது கோமதி என்று கூப்பிட்டால் அது அத்தை. இதில் எனக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை. என் வயதில் யாருக்கும் இருந்திருக்காது என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன், அப்படிச் சொல்லியும் மனசு ஆறவில்லை. நிதானமாக எழுதலாம் என்று ரெண்டு தடவை ஆரம்பித்துப் பார்த்தேன். முடியவில்லை. கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அது. ஆண்டுவிழாவில் உலகப் பெண்மணிகள் என்று ஒரு மாறுவேட நிகழ்ச்சி வைத்தார்கள். டீச்சர் பிஸ்கட் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். என் பக்கத்துப் பெஞ்சுக்காரிக்கு விண்வெளிக்குப் போன பெண் வந்தாள். இன்னொருத்திக்கு விஞ்ஞானி. மற்றொருத்திக்குக் குதிரைமேல் வாளோடு வருகிற ராணி. அவளுக்கு அட்டைக்கத்தி கிடைக்கப்போகிறது என்று அப்போதே வயிறு எரிந்தது. என் சீட்டில் டென்மார்க்கின் இன்னார் என்று ஒரு நீளமான பெயரும், பக்கத்தில் 'குயின் கன்சார்ட்' என்றும் இருந்தது.

"குயின் கன்சார்ட்னா என்ன மிஸ்?"

"ஆளுத ராணி இல்லம்மா. ராஜாவைக் கட்டிக்கிட்டதால ராணி."

"அவங்க என்ன செஞ்சாங்க மிஸ்?"

"அதான் சொல்லுதேன்லா. ராஜாவைக் கட்டிக்கிட்டாங்க."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பையைத் தூக்கி வீட்டுக்குள் எறிந்தேன். கல்யாணம் பண்ணிக்கொண்டதற்கெல்லாம் ஒரு வேஷமா? எங்கள் தெருவில் கல்யாணம் பண்ணாத பொம்பளை யார்? நான் மேடை ஏறமாட்டேன், காய்ச்சல் என்று சொல்லிவிடு என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா சீட்டை வாங்கிப் படித்தாள். அவள் பி.ஏ. வரலாறு. சிவகிரியிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் படித்து வாங்கிய பட்டம் டிரங்குப் பெட்டியின் அடியில் சேலைகளுக்குக் கீழே கிடந்தது. மறுநாள் தேரடிப் பக்கம் பிரவுசிங் கடைக்குப் போய் அந்த இளவரசியைப் பற்றி ஏழெட்டுப் பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அவள் அந்தக் கடைக்குப் போனதில் இன்னொரு காரியமும் இருந்தது. மேலநீலிதநல்லூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அடுத்த தெரு அக்கா சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பம் போட்டிருந்தார்கள். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டால் ரிஜிஸ்டர் தபால் வரும். அம்மா இதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அப்பாவிடம், கடிதம் வரட்டும், கையில் வைத்துக்கொண்டு பேசுவோம் என்று இருந்தாள். தினமும் பதினொரு மணி வாக்கில் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் ஈரக்கையோடு வாசலுக்குப் போவாள். "ஒண்ணும் இல்லையே சிவகிரியா" என்று அவர் சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வந்து ஒன்றும் நடக்காததுபோலக் காய் நறுக்குவாள்.

அந்த ஏழெட்டுப் பக்கங்களை அவள் படித்த அழகை நான் பார்த்தேன். இங்கிலீஷில் இருந்ததை மனசுக்குள் வாசித்து, எனக்குத் தமிழில் சொல்லுவாள்.

"அரமனைன்னு பேருதான் மக்கா. மச்சுக்கு மேல ஒத்த ரூம்புல அக்காளும் தங்கச்சியும் கெடந்திருக்காவ. சட்டையக்கூட அவுகளேதான் தச்சிருக்காவ. அப்புறம் கடலுக்கு அந்தாண்ட பெரிய ராஜாங்கத்துல பொண்ணு கேட்டு வந்திருக்காவ."

"கட்டிக் குடுத்துட்டாங்களா?"

"பின்ன? அங்கன மாமியாதான் ஆளுத ராணி. லேசுல எடத்த விடல. இவ தலையில கிரீடம் ஏறும்போது பேரன் பேத்தி எடுத்துட்டா."

அந்த இளவரசிக்குக் காது மந்தம். விருந்துகளில் யார் என்ன பேசினாலும் சிரித்துக்கொண்டே இருப்பாளாம். காய்ச்சலில் விழுந்து எழுந்ததில் ஒரு கால் விந்தி நடப்பாளாம். அதைப் பார்த்து அரண்மனைப் பெண்கள் எல்லாரும், குதி உயர்ந்த செருப்பு ஒன்று, தாழ்ந்த செருப்பு ஒன்று என்று வாங்கிப் போட்டுக்கொண்டு விந்தி நடந்தார்களாம். கழுத்தில் ஒரு தழும்பு. அதை மறைக்க அவள் கழுத்தோடு ஒட்டினாற்போல நகை போட, ஊரே அதே மாதிரி போட்டது. ராஜாவைப் பற்றி ஒரு பத்தி வந்தபோது அம்மா வாசிப்பதை நிறுத்தி, பேனாவால் நன்றாக அடித்துவிட்டு, "இது ஒனக்கு வேண்டாம்" என்றாள். என்னவென்று கேட்டேன். "அவுகளுக்கு வெளிய சிநேகிதம் சாஸ்தி" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு இடத்தில் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்று, ராணியாகி, செத்தும் போன பிறகும் அந்தத் தாள்களில் அவளை டென்மார்க்கின் இன்னார் என்றுதான் போட்டிருந்தார்கள்.

"ஏட்டி, அங்கயும் ஊர்ப்பேருதானா? டென்மார்க்காரி!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன்பிறகு எங்களுக்குள் அவள் டென்மார்க்காரிதான். டென்மார்க்காரி மாதிரி நடந்து காட்டு என்பாள் அம்மா. நான் ஒற்றைச் செருப்பைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் விந்தி விந்தி நடப்பேன். எனக்கு இப்போது அந்த வேஷம் பிடித்துவிட்டது. அட்டைக்கத்திக்காரியிடம் போய், என் ராணிக்கு நொண்டிக் கால் உண்டு, உன் ராணிக்கு உண்டா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பேச்சை அம்மாவே எழுதினாள். கடைசி வரியில் அந்த இளவரசியின் முழுப்பெயரை வைத்திருந்தாள். ஆறு பெயர் சேர்ந்த பெயர், ஒவ்வொன்றும் பல்லில் மாட்டிக்கொள்ளும். ஒத்திகையில் நான் திணறியதைப் பார்த்து டீச்சர், டென்மார்க் இளவரசி என்று முடித்துவிட்டு இறங்கு என்றார். வீட்டில் வந்து சொன்னதும் அம்மாவின் முகம் மாறியது.

"பேரச் சொல்லாம எறங்காத. ஒரு வாரம் இருக்கு, நான் சொல்லித்தாரேன். முழுசா சொல்லிட்டுத்தான் எறங்கணும்."

இளவரசியின் பெயர்மேல் இவளுக்கு என்ன இத்தனை அக்கறை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் படித்தேன். குளிக்கும்போது, சாப்பிடும்போது, பள்ளிக்கூடம் போகும் வழியில் என்று அந்த ஆறு பெயரையும் மென்று மென்று நாக்குக்குப் பழக்கினேன்.

ஆண்டுவிழாவுக்கு ஆறு நாள் முன்பு சனிக்கிழமை. அம்மா கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தாள். அத்தை என்னை முன்பக்கத்துக்குக் கூப்பிட்டு, வேஷத்துக்கு நகை தருவதாகச் சொல்லியிருந்தாள். அவளிடம் சிவப்புக்கல் அட்டியல் ஒன்று இருந்தது. கழுத்தோடு ஒட்டிக் கிடக்கும், டென்மார்க்காரி போட்டது போலவே. அத்தையைக் கெட்டவள் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபமாகப் போய்விடும். அப்படி எழுத முடியவில்லை. என்மேல் அவளுக்கு உயிர். மும்பையிலிருந்து வருகிற எதையும் முதலில் என் கையில்தான் கொடுப்பாள். எனக்கும் அப்போது அம்மாவைவிட அத்தையைத்தான் பிடிக்கும்.

வாசலில் தபால் என்று சத்தம் கேட்டது. நான் ஓடினேன். வழக்கமாக வருகிறவர் இல்லை. அவர் லீவில் போயிருக்க வேண்டும், அவருக்குப் பதிலாக யாரோ இளவட்டம் ஒருவர் வந்திருந்தார். கையில் காக்கி உறை.

"பாப்பா, கோமதி யாரு? கையெழுத்துப் போடணும்."

"எங்க அத்தை" என்றேன். அம்மா எதிர்பார்த்திருந்த தபால் நினைவுக்கே வரவில்லை. உள்ளே பார்த்து, "அத்தை, ஒங்களுக்கு ரிஜிஸ்டரு!" என்று கத்தினேன்.

அத்தை வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உறையை நின்றபடியே புரட்டிப் பார்த்தாள். பெயருக்குக் கீழே, இன்னாரின் மனைவி என்று அப்பாவின் பெயர் இருந்திருக்கும். அவள் அதைப் படிக்காமல் இருந்திருக்க முடியாது. உறையைக் கிழித்து உள்ளே இருந்த தாளையும் படித்தாள். "எனக்கு வந்த கடிதம்தான்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். பீரோவைத் திறந்து உறையை உள்ளே வைத்துவிட்டு, அங்கேயிருந்து அட்டியலை எடுத்து என் கழுத்தில் கட்டினாள். கண்ணாடி முன்னால் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானும் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான பிள்ளை சங்கரன்கோவிலில் இல்லை.

அந்தக் கடிதம் அன்று மாலையே அப்பா கைக்குப் போனது. இது எனக்குப் பல வருஷம் கழித்து, நான் வேலையில் சேர்ந்த பிறகு, அப்பா வாயாலேயே தெரிந்தது. ஏதோ பழைய கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். "ஒன் அத்தை காட்டுனா. புதன்கெழம வரச்சொல்லிப் போட்டிருந்துது. தெனம் அவ்வளவு தூரம் பஸ்ல போயி வந்தா வீடு என்னத்துக்கு ஆவும்? சொன்னா மல்லுக்கு நிப்பா. அதான் பேசாம விட்டுட்டேன்." எங்கள் அப்பாவுக்கும் மேலநீலிதநல்லூரில்தான் ஆபீஸ். இருபது வருஷமாகத் தினமும் அதே பஸ்ஸில் போய் அதே பஸ்ஸில் திரும்பினார். அந்தப் பஸ் அவரை ஒன்றும் செய்யவில்லை. வீடும் அப்படியேதான் இருந்தது. இதை நான் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். செய்யாமல் வந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகும் அம்மா தபால்காரர் சத்தத்துக்கு வாசலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். திங்கள் போனாள், செவ்வாய் போனாள். புதன்கிழமை நேர்முகம் நடந்துகொண்டிருந்த நேரத்திலும் ஈரக்கையோடு போய் நின்றுவிட்டு வந்து என் வேஷத்துக்கு ஜரிகைப் பேப்பரில் கிரீடம் வெட்டிக்கொண்டிருந்தாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஆண்டுவிழா. அத்தை முதல் வரிசையில், அட்டியலைப் படம் எடுக்க போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா ஐந்தாறு வரிசை பின்னால். நான் விந்தி விந்தி மேடைக்கு வந்தபோது கூட்டம் சிரித்தது. நிஜமாகவே கால் சரியில்லாத பிள்ளை என்று நினைத்து யாரோ உச்சுக்கொட்டினார்கள். நான் மச்சுமேல் அறையைச் சொன்னேன், தைத்த சட்டையைச் சொன்னேன், காது கேளாமல் சிரித்ததைச் சொன்னேன். மாமியாரைச் சொன்னபோது பெண்கள் பக்கம் கைதட்டலே வந்தது. அம்மா உதட்டை அசைத்து அசைத்து என்னோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது அடுத்த தெரு அக்கா தாமதமாக வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அம்மா உதடு நின்றது. திரும்பி அவளிடம் ஏதோ கேட்டாள். அவள் கையை விரித்துக் காட்டினாள். அம்மா எழுந்தாள். நான் இன்னும் நாலு வரி சொல்ல வேண்டும், அதற்கப்புறம் பெயர். அம்மா நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, யார் காலையோ மிதித்துக்கொண்டு, மேடைப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பாமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஆறு பெயரையும் சொன்னேன். ஒன்றில்கூட நாக்குத் தடுக்கவில்லை. டீச்சரே வாயைப் பிளந்தார். அத்தை எழுந்து நின்று கைதட்டினாள். எனக்குப் பரிசும் கிடைத்தது. கேட்க வேண்டியவள் மட்டும் இல்லை. அன்றைக்கு ஒரு வீம்பு பிடித்தேன், இந்தப் பெயரை இனி யாருக்கும் சொல்வதில்லை என்று. இன்றைக்கு வரை சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா இல்லை. கிரீடத்தைக்கூடக் கழற்றாமல் முன்பக்கத்தில் அத்தை மடியை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். கண்ணீரும் மூக்கும் ஒழுக, "சிவகிரியா எனக்குச் சோறு போட வேண்டாம், நீங்க போடுங்க" என்றேன். அத்தை என் தலையைத் தடவி, "அப்படிச் சொல்லாத மக்கா" என்றாள். என்ன இருந்தாலும் அவள் அதைச் சொன்னாள் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா வந்தாள். அடுத்த தெரு அக்கா புதன்கிழமையே நேர்முகத்துக்குப் போய்வந்ததைச் சொல்லக் கேட்டு, போஸ்ட் ஆபீசுக்குப் போயிருக்கிறாள். அது அப்போது எனக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றாமலே அத்தைக்கு எதிரே வந்து நின்றாள். அப்பாவும் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"மதினி, எனக்கு வந்த ரிஜிஸ்டர் தபால் எங்க?"

அத்தை முந்தானையை இழுத்துச் சொருகினாள். பிறகு, "கோமதின்னு வந்துச்சு. நான் கோமதி இல்லையா?" என்றாள்.

"மேலநீலிதநல்லூர் பள்ளிக்கூடத்துக்கு நீங்களா மதினி மனு போட்டிய?"

"எங்கிட்ட எதுக்குச் சீறுத? ஒன் மகதான் கூப்ட்டா. அவகிட்டக் கேளு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "முடிஞ்சுபோனத எதுக்குப் பேசிக்கிட்டு? போ, காப்பியப் போடு" என்றார் அப்பா. அவருக்கும் தெரியும் என்பது அந்த வார்த்தையில் அம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் என்ன, மனு என்ன என்று அவர் கேட்கவே இல்லையே. அப்புறம்தான் அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் இதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்திலிருந்து கோபத்தைச் சேர்த்துவைத்திருந்தேன்.

"தபால்காரர் என்னட்டி கேட்டாரு?"

"கோமதி யாருன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அத்தைன்னு சொன்னேன். வேற யாரச் சொல்ல? கோமதின்னா அத்தைதானே? ஒன்ன யாரு கோமதிங்கா?"

கையை ஓங்குவாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடி விழவில்லை. அம்மா என் முன்னால் குனிந்து, பின்கழுத்தில் அட்டியலின் முடிச்சைத் தேடி அவிழ்த்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. அட்டியலை அத்தையின் பக்கத்தில் வைத்தாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்க" என்றாள். அப்புறம் உள்ளே போய்க் காப்பி போட்டாள்.

அந்தச் சண்டையில் நான்தான் ஜெயித்தேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.